ட்ரெய்லர் லாரி மடங்குவதைத் தடுக்கும் கருவிகள்: இராமநாதபுரம் கடற்கரை ஓட்டத்துக்கு, அறிகுறி கண்டு பழுது நீக்கும் வழிமுறை

வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு ஏற்றிச் சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் ட்ரெய்லரும், காலிப் பெட்டியோடு பாம்பன் பாலத்தில் ஏறி இறங்கும் ட்ரெய்லரும் ஒரே வகைப் பாதுகாப்புக் கருவிகளைத்தான் சுமக்கின்றன. ஆனால் மதுரைக்கு மேற்கே ஓடும் வண்டிகளில் அக்கருவிகள் தேய்ந்து பழுதாகின்றன. நம் கடற்கரையிலோ தேய்வதற்கு முன்பே உப்பில் செத்துப்போகின்றன. ஏர் பிரேக் வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், கருவியின் பெயரை வைத்துப் பிரிக்காமல், ஓட்டுநர் பட்டறைக்கு வந்து என்ன சொல்கிறாரோ அந்த அறிகுறியை வைத்தே இந்த வழிமுறையைப் பிரித்திருக்கிறேன்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "வண்டி மடங்கிடுச்சு" என்று சாலையோரத்தில் சொல்லப்படுவது உண்மையில் மூன்று வேறு நிகழ்வுகள். பிரேக்கில் பூட்டிக்கொண்டு சுழலாமல் இழுபடும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய இல்லாமல் போய்விடும் என்பதுதான் மூன்றுக்கும் அடிப்படை. இழுவை வண்டியின் டிரைவ் ஆக்ஸில் (எஞ்சின் சுழற்றும் பின் அச்சு) சக்கரங்கள் முதலில் பூட்டினால், பின்னாலிருந்து கிங் பின் (ட்ரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் முளை) வழியாகத் தள்ளும் பாரம் இழுவை வண்டியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட, முழங்கை மடங்குவதுபோல வண்டி மடங்கிக் கேபின் ட்ரெய்லரின் பக்கமாகத் திரும்பி மோதும். உண்மையான மடங்கல் இதுதான். ட்ரெய்லரின் சக்கரங்கள் முதலில் பூட்டினால் இழுவை வண்டி நேராக நிற்க, ட்ரெய்லரின் வால் மட்டும் எதிர்த்தடத்துக்கு வீசப்படும். முன்சக்கரங்கள் பூட்டினாலோ ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேர்கோட்டிலேயே போகும். ஆகவே ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கேபின் திரும்பியதா, வால் வீசியதா, திருப்பியும் திரும்பவில்லையா என்பதே. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஸ்பானரை எடுப்பது வீண் வேலை.

வண்டிக்குக் கீழே இறங்கும் எவரும் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்த பிறகே பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். காற்று இல்லாதபோது சுருள்வில்லால் பிரேக்கைப் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் பின்பகுதியைப் பட்டறையில் பிரிக்கவே கூடாது. உள்ளே அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் சுருள்வில் ஆளைக் கொல்லும் வலுவுடையது.

அறிகுறி: பாரத்தோடு நன்றாக நிற்கிறது, காலியாகத் திரும்பும்போது கேபின் திரும்புகிறது

எங்கள் பகுதிக்கு வரும் மடங்கல் வழக்குகளில் நான் முதலில் சந்தேகிப்பது லோடு சென்சிங் வால்வைத்தான். ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும் இந்த வால்வு, பாரம் ஏறிப் பட்டை (வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டை வில்) அழுந்தும்போது பிரேக்குக்கு முழுக் காற்றையும், காலியாகப் பட்டை எழும்பும்போது குறைந்த காற்றையும் விடுகிறது. காலி வண்டியின் டிரைவ் ஆக்ஸில்மேல் இருக்கும் எடை மிகக் குறைவு. அதற்கு முழுக் காற்றுப் போனால் நனைந்த சாலையில் பெடலைப் பாதி அழுத்தும்போதே சக்கரம் பூட்டிவிடும்.

ஓர் ஐப்பசி மழையில், தூத்துக்குடியில் உப்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ட்ரெய்லர் ஒன்று சாயல்குடிக்கு இப்பால் ஆட்டுமந்தைக்காகப் பிரேக் போட்டபோது மடங்கிச் சாலையோரப் பனைகளைப் பார்த்தபடி நின்றது. யாருக்கும் காயமில்லை. பட்டறைக்கு இழுத்துவந்ததும் ஓட்டுநர் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) பழுதென்றும் கிளீனர் டயர் பழுதென்றும் வாதாடிக்கொண்டிருக்க, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். லோடு வால்வின் கையைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துச் சேஸிஸோடு மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். கம்பி துருப்பிடித்து வால்வின் கையோடு ஒட்டிப்போயிருந்ததால் அது நேற்றுக் கட்டியதல்ல என்பது தெரிந்தது. கேட்டதற்கு, "லோடு வண்டியில பிரேக் பத்த மாட்டேங்குதுண்ணே, அதான் கட்டுனோம்" என்றார் கிளீனர். அவர் சொன்ன குறை உண்மையானது. ஆனால் அதன் காரணம் டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனரிலும், லைனர் தேய்வதற்கேற்ப இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரிலும் இருந்தது. அதைச் சரிசெய்யாமல் வால்வைக் கட்டியதால், பாரத்தில் கொஞ்சம் பிரேக் கூடியது, காலியில் வண்டி மடங்கியது.

சோதிக்கும் முறை எளிது. இணைப்புக் கம்பியும் அதன் இரு முனையிலுள்ள ரப்பர் மூட்டுகளும் இருக்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பின்பு இணைப்பைக் கழற்றி, வால்வின் கையை விரலால் மேலும் கீழும் அசையுங்கள். அது தடையின்றி அசைய வேண்டும். உப்பு ஏற்றும் வண்டியில் அது பெரும்பாலும் பாதியில் இறுகி நிற்கும். அடுத்து, பிரேக் சேம்பருக்குப் போகும் வழியிலுள்ள சோதனை முனையில் அழுத்தமானியை மாட்டி, பெடலை முழுதாக அழுத்தி, கையை மேலும் கீழும் நகர்த்தும்போது அளவு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். எந்த எடைக்கு எவ்வளவு காற்று வெளியேற வேண்டும் என்ற அட்டவணை வண்டியில் ஒட்டப்பட்ட லோடு வால்வுத் தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டின்மேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டிருந்தால் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து அளவைப் பெற வேண்டுமே தவிர, பக்கத்து வண்டியைப் பார்த்து வைக்கக் கூடாது. பட்டையின் எண்ணிக்கை மாறினால் அளவும் மாறும். உடைந்த பட்டையை மாற்றிய பிறகும், கூடுதல் பட்டை சேர்த்த பிறகும் இந்த வால்வை மறுபடி அமைக்க வேண்டும் என்பதைப் பட்டைக் கொல்லர்கள் யாரும் சொல்வதில்லை.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள ட்ரெய்லரில் கம்பி கிடையாது. காற்றுப்பையின் அழுத்தமே பாரத்தைச் சொல்லும். அங்கே பழுது தலைகீழாக வரும். பையோ குழாயோ கசிந்தால் வால்வு ட்ரெய்லர் காலியாக இருப்பதாக எண்ணிக்கொள்ளும். பாரத்தோடு இருக்கும்போது ட்ரெய்லரின் பிரேக் குறைந்துபோகும். அதன் விளைவு சற்றுக் கீழே வருகிறது.

அறிகுறி: ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை, அல்லது எரியவே இல்லை

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். சில அமைப்புகளில், பழைய பழுது நினைவில் இருந்தால், வண்டி மணிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. வேகத்தைத் தாண்டிய பிறகே அணையும். ஆகவே நின்ற வண்டியில் விளக்கைப் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம், சற்று ஓட்டிப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையென்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்பு போயிருக்கலாம், அல்லது எரிந்துகொண்டே இருப்பது தொல்லை என்று யாரோ கழற்றியிருக்கலாம். விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிய டாஷ்போர்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

விளக்கோடு காதையும் பயன்படுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, டேங்கில் காற்று இருக்கும் நிலையில், ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் வண்டியோரம் நிற்கட்டும். பெடலை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினால், பிரேக்குக்குப் போகும் காற்றை விட்டுப்பிடிக்கும் மாடுலேட்டர் வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக 'டக்', 'புஸ்' என்று ஒலிக்கும். இழுவை வண்டியில் ஒலி கேட்டு ட்ரெய்லரில் கேட்கவில்லையென்றால், பழுது இரண்டுக்கும் நடுவிலுள்ள மின் கேபிளில்தான் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அந்தக் கேபிள்தான் இக்கடற்கரையில் முதலில் சாகும் உறுப்பு. 24 வோல்ட் வண்டிகளில் ஏ.பி.எஸ். மின்சாரம் விளக்குகளுக்கான பிளக்கில் வராமல் ஐ.எஸ்.ஓ. 7638 என்னும் தனிப் பிளக்கில் வரும். அதற்கு ஐந்து அல்லது ஏழு ஊசிகள் உண்டு. முதலாம் ஊசிக்கும் நான்காம் ஊசிக்கும் நடுவேயும், சாவி திருப்பிய நிலையில் இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் நடுவேயும் மீட்டரில் பேட்டரி வோல்ட் காட்ட வேண்டும். மீட்டரில் 24 காட்டிவிட்டது என்று திருப்தி அடையாதீர்கள். பச்சை பூத்த ஊசி வெறும் மீட்டருக்கு 24 காட்டும், மாடுலேட்டர் மின்சாரம் இழுக்கும்போது 15க்கு விழும். ஒரு ஹெட்லைட் பல்பைச் சுமையாக இணைத்து அளப்பதே சரியான சோதனை. ஊசிகளை நுண்தூரிகையால் சுத்தம் செய்து, மின் இணைப்புகளுக்கான சிலிக்கான் கிரீஸ் பூசுங்கள். கழற்றிய பிளக்கைத் தொங்கவிடாமல், கேபினின் பின்னால் அதற்கென்று உள்ள இடத்தில் மாட்டி வையுங்கள். தொங்கும் பிளக்குக்குள் ஒரே இரவில் கடற்பனி புகுந்துவிடும்.

கேபிள் நன்றாக இருந்தால் அடுத்தது சக்கரத்தின் வேக சென்சார். ஹப்பில் பொருந்திய பல்வளையம் சுழல்வதை இது எண்ணுகிறது. சென்சாரைக் கழற்றி ஓமில் அளந்தால் பெரும்பாலான வகைகளில் 1,000 முதல் 2,000 ஓம் வரை வரும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுற்றினால், மாறுமின் அளவில் குறைந்தது 0.2 வோல்ட் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் சென்சார் பல்வளையத்திலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள். பிடிப்புச் சுருளில் சென்சாரைக் கையால் தள்ளி வளையத்தைத் தொடும்படி வைத்தால், சக்கரம் சுற்றும்போது அதுவே தன் இடைவெளியை அமைத்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். தள்ளிய பிறகும் சில நாளில் மறுபடி விளக்கு எரிந்தால், பேரிங் ஆட்டத்தையும் பல்வளையத்தின் அடியில் துரு ஏறி வளையத்தையே தூக்கிவிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உப்பு லாரிகளில் இந்தத் துருத் தூக்கல் சாதாரணம்.

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தாலும் பிரேக் பிடிக்கும். பூட்டுவதைத் தடுக்கும் வேலை மட்டுமே நின்றுபோகும். ஆகவே அந்த வண்டியைப் பட்டறை வரை ஓட்டலாம். வேகத்தைக் குறைத்து, முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டி, மழை பெய்தால் ஓட்டாமல். இழுவை வண்டியில் ஏ.பி.எஸ். வேலை செய்து ட்ரெய்லரில் இல்லாவிட்டால் மடங்கும் அபாயம் பெரிதும் குறைவு, வால் வீசும் அபாயம் அப்படியே இருக்கும். எந்தப் பக்கத்தை முதலில் சரிசெய்வது என்று பணம் கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு என் பதில், டிரைவ் ஆக்ஸில் முதலில் என்பதே.

அறிகுறி: பிரேக் போட்டால் ட்ரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது

இறக்கத்தில்தான் இது தெளிவாகத் தெரியும். நம் பகுதியில் இறக்கமே கிடையாது என்று சொல்பவர்கள், கப்பல் போக நடுவில் உயர்ந்திருக்கும் பாம்பன் சாலைப் பாலத்தை மறந்துவிடுகிறார்கள். 1988இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாலத்தின் உச்சியைத் தாண்டியதும், ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் நிறுத்திய கார்களும் செல்ஃபி எடுப்பவர்களும் கண்ணில் படுவார்கள்; பாரத்தோடு வரும் ட்ரெய்லர் அந்த இடத்தில்தான் கடுமையாகப் பிரேக் போடும். அப்போது இருக்கைக்குப் பின்னால் ஒரு குத்து விழுந்து கேபின் லேசாக நெளிந்தால், ட்ரெய்லர் தன் பங்குப் பிரேக்கைச் செய்யவில்லை என்று பொருள். இழுவை வண்டி இரண்டு வண்டிகளின் பாரத்தையும் தனியாக நிறுத்த முயல்கிறது. அதன் டிரைவ் ஆக்ஸில் பூட்டினால் அங்கேயே மடங்கும்.

முதலில் வெப்பத்தைக் கொண்டு கண்டுபிடியுங்கள். பத்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி நிறுத்தியதும், எல்லா டிரம்களையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் அளந்து, சாக்பீஸால் டயரிலேயே எழுதுங்கள். டிரைவ் ஆக்ஸில் கொதிக்க, ட்ரெய்லர் டிரம்கள் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் காரணம் உறுதி. ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தச் சக்கரத்தின் லைனரில் எண்ணெய் கசிந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்து ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கிறது.

ஸ்லாக் அட்ஜஸ்டரின் ஓட்டத்தை அளக்கும்போது டேங்கில் 6 முதல் 7 பார் (காற்றழுத்த அலகு) வரை காற்று இருக்கட்டும். பிரேக் விடுபட்ட நிலையில், அட்ஜஸ்டரைத் தள்ளும் புஷ் ராடு சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, பெடலை அழுத்தச் சொல்லி, கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளவுகோலால் பாருங்கள். 30 எண் சாதாரணச் சேம்பருக்கு 51 மி.மீ., 24 எண்ணுக்கு 45 மி.மீ. என்பது அமெரிக்கச் சோதனைகளில் கையாளப்படும் உச்ச வரம்பு. நீண்ட ஓட்டச் சேம்பர்களுக்கு வரம்பு கூடுதல் என்பதால் சேம்பரின் உடலில் பொறித்த குறியைப் படித்துக்கொள்ளுங்கள். கையால் திருகும் அட்ஜஸ்டரை எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே அளவாக வைக்க வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் வரம்பைத் தாண்டியிருந்தால், அதைத் திருகி இறுக்கிவிட்டு அனுப்பாதீர்கள். அது ஏன் தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்கான காரணம் கேம் புஷ்ஷிலோ, கிளெவிஸ் பின்னிலோ, அட்ஜஸ்டருக்குள்ளேயோ இருக்கும். திருகினால் நாலு நாளில் அதே நிலைக்கு வந்துவிடும்.

அட்ஜஸ்டர் சரியாக இருந்தும் தள்ளல் தொடர்ந்தால் காற்றின் வேகத்தைப் பாருங்கள். பெடலை அழுத்தியதும் ட்ரெய்லரின் கடைசிச் சேம்பருக்குக் காற்று எவ்வளவு விரைவில் சேர்கிறது என்பதில்தான் தள்ளலின் மிச்சம் இருக்கிறது. ஐ.நா. வாகன விதி 13, வேகமாகப் பெடல் அழுத்தும்போது இழுவை வாகனத்தின் மிகத் தாமதமான பிரேக்கில் அழுத்தம் 0.6 நொடிக்குள் முக்கால் பங்கை எட்ட வேண்டும் என்கிறது. ட்ரெய்லருக்குக் கப்ளிங்கிலிருந்து கணக்கிட்டால் 0.4 நொடிதான். மணிக்கு 60 கி.மீ.யில் ஒரு நொடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது என்பதை நினைத்தால், அரை நொடித் தாமதம் ட்ரெய்லரை எவ்வளவு தள்ளவைக்கும் என்பது விளங்கும். பட்டறையில் நொடிமானி வேண்டாம். ஒருவர் பெடல் மிதிக்க, ஒருவர் கடைசி ஆக்ஸிலைப் பார்த்துக்கொண்டிருந்தால், புஷ் ராடு சோம்பலாக நகர்வது கண்ணுக்கே தெரியும். பெடலின் சைகை வந்ததும் அருகிலிருந்தே சேம்பர்களுக்குக் காற்றை விடும் ரிலே வால்வுக்குள் டேங்கின் தண்ணீரும் எண்ணெயும் கலந்த சேறு அடைத்திருப்பதும், மஞ்சள் ஹோஸின் உள் ரப்பர் வெடித்து வழியை அடைப்பதும், வாங்கும்போதே உள்விட்டம் குறைந்த மலிவு ஹோஸும் வழக்கமான காரணங்கள். ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜைக் காலத்தில் மாற்றாமல் டேங்கைத் தினமும் வடிக்காமல் ஓட்டும் வண்டியில், ஈரக்காற்றை ஆண்டு முழுதும் குடிக்கும் கம்ப்ரஸரால் இந்தச் சேறு விரைவிலேயே சேரும்.

ஹோஸ்கள் மாறி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். சிவப்பு எப்போதும் டேங்குக்குக் காற்றுத் தருவது. மஞ்சள் பெடல் சொல்வதைக் கொண்டுபோவது. ஹோஸ் முனைகளை இணைக்கும் பாம் கப்ளிங்குகள் மாறாமலிருக்கத் தடுப்பு உண்டென்றாலும், அந்தத் தடுப்பைத் தட்டி எடுத்த கப்ளிங்குகள் சந்தையில் உலவுகின்றன. மாறினால் ட்ரெய்லரின் டேங்க் நிரம்பாது. ஸ்பிரிங் பிரேக் உள்ள ட்ரெய்லர் அசையவே அசையாது. அது இல்லாத பழைய ட்ரெய்லர் பிரேக்கே இல்லாமல் உருண்டுவரும். பிந்தையதுதான் கொடியது.

அறிகுறி: ட்ரெய்லரின் வால் வீசுகிறது

காரணங்கள் மேலே சொன்னவையே, இடம் மட்டும் ட்ரெய்லர். அதன் லோடு வால்வு இறுகியிருக்கலாம், அதன் ஏ.பி.எஸ். கேபிள் செத்திருக்கலாம், டயர்கள் வழுக்கையாகியிருக்கலாம். டயர்க் கோட்டின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படி மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடும் வண்டிக்கு நான் 3 மி.மீ.யிலேயே மாற்றச் சொல்வேன்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். 2022 வரை ரயில் ஓடிய பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்தார்கள். சாலைப் பாலத்தில் லாரிக்கு அப்படியொரு கருவி சிக்னல் தருவதில்லை. காலிக் கண்டெய்னரைச் சுமந்த ட்ரெய்லரின் பக்கம் ஒரு பாய்மரத்துக்குச் சமம். ஆடிக் கச்சானிலும் கார்த்திகை வாடையிலும், பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும் நாளிலும், காலி ட்ரெய்லரை மண்டபத்திலேயே நிறுத்திவைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

அறிகுறி: மழையில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் கேபின் உதறுகிறது

எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும், சுழலும் தண்டைத் தடுக்கும் ரிடார்டரும் டிரைவ் ஆக்ஸிலை மட்டுமே பிடிக்கின்றன. வறண்ட சாலையில் லைனரைக் காப்பாற்றும் அதே கருவி, காலி வண்டியில், நனைந்த சாலையில் மடங்கலைத் தொடங்கிவைக்கும். ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கும் நொடியில் எக்ஸாஸ்ட் பிரேக் தானாக விடுபட வேண்டும். அந்த இணைப்பு வயர் துண்டிக்கப்பட்டிருந்தால் விடுபடாது. மாதக்கணக்கில் மழை காணாத சாலையில் முதல் மழை விழும்போது, டீசலும் புழுதியும் மீன் லாரிகள் சொட்டிய நீரும் கலந்து வழவழப்பாகிவிடும் என்பதால், அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு எக்ஸாஸ்ட் ஸ்விட்சை அணைத்துவைப்பது நலம்.

அறிகுறி: திரும்பும்போது விறைப்பு, நேராக ஓடும்போது 'டொக்' என்ற ஒலி

இழுவை வண்டியில் ட்ரெய்லர் ஏறி அமரும் ஃபிப்த் வீல் தட்டில் கிரீஸ் காய்ந்தால் ட்ரெய்லர் இழுவை வண்டியைப் பின்தொடர்ந்து திரும்ப மறுத்து முன்சக்கரங்களை இழுத்துச் செல்லும். காற்றில் வரும் கடற்கரை மணல் பழைய கிரீஸில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடுவதால், மேலே புதிய கிரீஸ் அப்புவதோடு நில்லாமல் பழையதை முழுவதும் துடைத்தெடுங்கள். 'டொக்' ஒலி கிங் பின்னும் அதைக் கவ்வும் தாடையும் தேய்ந்ததைச் சொல்கிறது. இரண்டங்குலக் கிங் பின் புதிதாக 50.8 மி.மீ. இருக்கும், 49 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். வெல்டிங் போட்டுக் கடைந்து பருமனாக்கித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளை அணுகாதீர்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் தானாக இறுகுகிறது

காற்றழுத்தம் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியை ஓரங்கட்டும் முன்பே டிரைவ் ஆக்ஸிலில் அது நிகழ்ந்தால் மடங்கும். எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ட்ரெய்லரோடு சேர்த்து ஒரு நிமிடம் பாருங்கள்: அழுத்தம் 0.2 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை அழுத்தி வைத்திருந்தால் 0.28 பார் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் கப்ளிங் ரப்பரிலிருந்து தொடங்கிச் சோப்புத் தண்ணீரால் தேடுங்கள்.

மடங்காமல் தடுப்பதாக விற்கப்படும் தனிக் கருவிகள்

சங்கிலியோ கம்பிவடமோ கட்டி மடங்கும் கோணத்தை மட்டுப்படுத்தும் யோசனையைப் பலர் கேட்கிறார்கள். பிரித்தானியாவில் 1960களில் கிங் பின்னைச் சுற்றி உராய்வுத் தட்டுகளை வைத்து, பிரேக் போடும்போது காற்றழுத்தத்தால் அவற்றை இறுக்கித் திரும்புவதைக் கடினமாக்கும் கருவிகள் வந்தன. அவை கேபின் நசுங்குவதைத் தவிர்க்கக்கூடும். ஆனால் பூட்டிய டயருக்குப் பிடியைத் திருப்பித் தர அவற்றால் முடியாது. வண்டி மடங்காமல் ஒரே கட்டையாகச் சறுக்கிப்போகும். டயரைப் பூட்டாமல் உருளவிடும் ஏ.பி.எஸ். அதனால்தான் வென்றது. அதுவும் எளிதில் வெல்லவில்லை: அமெரிக்காவில் 1975இல் கட்டாயமாக்கப்பட்டது, அன்றைய மின்னணுப் பாகங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்ற வழக்கில் 1978இல் நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தள்ளியது, 1997இல் இழுவை வண்டிகளுக்கும் 1998இல் ட்ரெய்லர்களுக்கும் மீண்டும் வந்தது. அந்தத் தொடக்க கால வண்டிகளைக் கெடுத்த ஈரமும் வயரும்தான் இன்று நம் உப்பு லாரிகளையும் கெடுக்கின்றன. ஆகவே சங்கிலிக்குச் செலவிடும் பணத்தைப் புதிய கேபிளுக்குச் செலவிடுங்கள். உப்பு இறக்கிய பிறகு வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். குடிக்கவே குடம் விலைக்கு வாங்கும் ஊரில் லாரிக்குக் கேட்கிறாயா என்று திட்டுவீர்கள், திட்டிவிட்டுக் கழுவுங்கள். பீய்ச்சும் குழாயை மட்டும் பிளக்குகளுக்கு நேராகக் காட்டாதீர்கள்.

மடங்கத் தொடங்கியே விட்டால்

கண்ணாடியில் ட்ரெய்லர் வழக்கத்துக்கு மாறாக வெளியே தெரிந்தாலோ கேபின் பக்கவாட்டில் நழுவுவதை உணர்ந்தாலோ, ஏ.பி.எஸ். இல்லாத அல்லது அது வேலை செய்யாத வண்டியில் பிரேக்கை விடுவியுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கையும் அணையுங்கள். சக்கரம் மீண்டும் உருண்டால்தான் பிடி திரும்பும். ட்ரெய்லரின் கைப்பிரேக்கைப் போட்டு நேராக்கலாம் என்ற பழைய நம்பிக்கையைப் பின்பற்ற வேண்டாம். வால் வீசும் நிலையில் பூட்டிய சக்கரத்தை மேலும் பூட்டுவதே அதன் விளைவு. ஏ.பி.எஸ். சரியாக வேலை செய்யும் வண்டியில் பெடலை விட்டுவிட்டு மிதிக்க வேண்டாம். ஊன்றி அழுத்தியபடி ஸ்டியரிங்கை ஆளுங்கள்.

வேலை முடிந்தபின் சோதனை

ஆளில்லாத அகன்ற களத்தில், தரையை நனைத்து, காலி வண்டியை மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் போகாமல் நேராக ஓட்டி ஒரே மிதியாகப் பிரேக் போடுங்கள். ட்ரெய்லருக்குத் தனிக் கைப்பிரேக் இருந்தால், முதலில் 8 கி.மீ. வேகத்தில் அதை மட்டும் இழுத்துப் பின்னிழுப்பு உடலில் உணரப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்பு இறங்கித் தரையைப் படியுங்கள். டிரைவ் சக்கரத்தின் தடம் ஒரே நீளக் கறுப்புக் கோடாக இருந்தால் பழுது தீரவில்லை. லோடு வால்விலிருந்து மறுபடி தொடங்குங்கள். விட்டுவிட்டு விழுந்த மங்கலான கீற்றுகளாக இருந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. நிற்கும் இடத்துக்குச் சற்று முன் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு விழுந்திருந்தால் கவலை வேண்டாம். வண்டி நடைவேகத்துக்கு வந்ததும் ஏ.பி.எஸ். தானாக விலகிக்கொள்வதால் விழும் கோடு அது.